பொருள்

கொக்கிரகுளம்,
கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசை.
மனு ஒன்றுக்கு முப்பது ரூபாய்,
தட்டச்சு, பிரிண்ட், கவர் சேர்த்து.
அழுதுகொண்டே சொல்பவர்களுக்கு
நேரம் கூட ஆகும்,
காசு அதேதான்.
முப்பதில் எனக்குப் பத்து.

திங்கட்கிழமை குறைதீர் நாள்.
அன்று மட்டும் எண்பது பேராவது வருவார்கள்.
மற்ற நாளெல்லாம் ஜெராக்ஸ்,
லேமினேஷன்,
யாருடைய பிள்ளைக்கோ ஹால் டிக்கெட்.

ஒன்பது வருஷம்
அடுத்தவர் துயரத்துக்கு
அனுப்புநர் பெறுநர் போட்டுப் போட்டு
ஒருநாள் தோன்றியது,
இதை முறையாகப் படித்தால் என்ன?
எம்.எஸ்.டபிள்யூ.
"அதுக்கு ரெண்டு வருசமா?"
என்றார் முதலாளி சங்கரவடிவு அண்ணாச்சி.
"தெனமும் நீ செய்யுததுதானே, பிள்ளே."

பிழையாகிப்போன மனு ஒன்றின் பின்பக்கத்தில்
கோடு கிழித்தேன்.

சென்னைக் கல்லூரிக்கு வழவழப்பான புத்தகம்.
அட்டையில் ஒரு பெண்
குடிசைப் பிள்ளைகளோடு சிரிக்கிறாள்.
கட்டணத்தை மனுக்களாக மாற்றிப் பார்த்தேன்:
இருபத்து நாலாயிரம்.
ஹாஸ்டல் தனி.
இருபத்து நாலாயிரம் பேருக்கு
ஏதாவது நேர்ந்தாக வேண்டும்
நான் போய்ச் சேர.

மதுரையில் ஒன்று, பாதிக் கட்டணம்.
பேங்கில் கடன் தருவார்களாம்.
கல்விக்கடன் கட்ட முடியாதவர்களுக்கு
அவகாச மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன்,
வாசகம் மனப்பாடம்.

தபால் வழியில் சல்லிசு.
"ஆள் மொகத்தையே பாக்காம பாஸாயிரலாம்"
என்றாள் ரகுமத் பாத்து.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
நாள் முழுக்க முகம் பார்க்கிறவள்.

பக்கத்தில் ஒன்று இருக்கிறது.
புத்தகம் கிடையாது, ஒற்றைத்தாள்,
அதிலும் நகல் மங்கல்.
எங்கள் கடையில் எடுத்திருந்தால் பளிச்சென்று இருக்கும்.
போன் போட்டேன்.
எடுத்தவர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:
"வாரத்துல ரெண்டு நாள் களப்பணி தாயி,
பஸ் காசு ஒங்க பொறுப்பு.
நோட்டீஸ்ல யாரும் போட மாட்டாங்க,
நான் சொல்லுதேன்."

திங்கட்கிழமை காலையிலேயே வகுப்பு.
அப்படியானால்
மாதம் மூவாயிரத்து இருநூறு போகும்.
அதையும் வரிசையில் எழுதினேன்,
எந்தக் கல்லூரியும் கேட்காத கட்டணம்.

சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன்.
பெண்களுக்குக் காசில்லாச் சீட்டு.
அந்த பஸ் போய்த் திரும்புகிற தூரம்தான்
என் பல்கலைக்கழகம் என்றால்
சேரன்மகாதேவிக்கு இந்தப் பக்கமே
உலகம் முடிந்துவிடும்.
முடியட்டும்.
அதற்குள் இல்லாத துயரமா?
பாலம் தாண்டும்போது ஆற்றைப் பார்க்கவில்லை,
மடியில் வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
ஒருமுறை தப்பாகவும் வந்தது,
எனக்குச் சாதகமாக.

ஞாயிறு இரவு, பாதி இறக்கிய ஷட்டருக்குள்,
விண்ணப்பம்.
'ஏன் இந்தப் படிப்பு? முந்நூறு சொற்களுக்குள்.'
கை பழக்கத்தில் அடித்தது:
அனுப்புநர், சு. உலகம்மை.
பெறுநர், துறைத்தலைவர் அவர்கள்.
பொருள்:

அங்கே நின்றுவிட்டேன்.
விதவை உதவித்தொகை நின்றது தொடர்பாக.
வாய்க்கால் மடையை அடைத்தது தொடர்பாக.
மகன் வீட்டைவிட்டு இறக்கியது தொடர்பாக.
எத்தனை பேர் பொருளை
ஒரே வரியில் மடக்கியிருக்கிறேன்.

'பொருள் இல்லாதது தொடர்பாக'
என்று அடித்து, தனியாகச் சிரித்து, அழித்தேன்.
'தாங்கள் கருணைகூர்ந்து'
தானாகவே வந்தது.
அதையும் அழித்தேன்,
ஒவ்வோர் எழுத்தாக.

ஷட்டரை யாரோ தட்டினார்கள்.
தலைப்பாகையும் கையில் மஞ்சள் பையுமாக ஒருவர்
குனிந்து எட்டிப் பார்த்தார்.
"நாளைக்குத் திங்கக்கெழமைல்லா தாயி,
இப்பமே எழுதிக் குடுத்திருதியா?"

"உக்காருங்க" என்றேன்.
"மொதல்ல என்னுது."